இருவத்திநாலு எடுக்கலை

வேண்டாங்க அம்மிணி, பை என் மடியிலயே இருக்கட்டும். மேல வெச்சா எந்தக் கை எப்பப் போகும்னு அண்ணாந்து பாத்துட்டே வர முடியுங்களா? உங்களைச் சொல்லலைங்க. உங்களைப் பாத்தா படிச்ச புள்ளையாட்டத் தெரியுது. ஆனா போன வருசம் பல்லடத்துல என் குடையை எடுத்துட்டுப் போனாளே ஒருத்தி, அவளும் பாக்கறதுக்கு டீச்சராட்டத்தான் இருந்தா.

நீங்களும் தாராபுரந்தானுங்களா? சரி சரி. சன்னலோரம் நீங்களே உக்காந்துக்குங்க.

நானு சாந்தாமணிங்க. கோயமுத்தூர் கணபதியில ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில டெலிபோன் போர்டு. இருவத்திரெண்டு வருசம். மூணாவது மணி அடிக்க உட்டதில்லைங்க நானு. பெரிய முதலாளி இருக்கறப்பச் சொல்லுவாரு, மூணாவது மணிக்கும் எடுக்கலீன்னா அது கம்பெனி இல்லை, பூட்டிப் போட்ட ஊடுன்னு. அவரு போய்ச் சேர்ந்துட்டாரு. அந்தச் சொல்லை மட்டும் நான் உடலை.

இந்தப் பைக்குள்ள ஒரு கவர் இருக்குதுங்க. சின்ன முதலாளி குடுத்தாரு, பெரியவரு மகன். தாராபுரத்துல சென்னியப்பன்னு ஒருத்தரு, அவரு கையிலயே குடுக்கோணுமாம். கொரியர்ல போட்டா அம்பது ரூவாயில முடிஞ்சு போச்சு. என்னை எதுக்கு சம்பளத்தோட லீவு குடுத்து, பஸ்ஸுக்கும் காசு குடுத்து அனுப்பறாங்க? நீங்களே ரோசனை பண்ணிப் பாருங்க. இன்னைக்கு நான் சீட்ல இருக்கக் கூடாது. அதானே?

அதுவுமில்லாம கவரை ஒட்டலைங்க. வாயைத் தொறந்து போட்டே குடுக்கறாரு. "அக்கா, படிச்சுப் பாத்துட்டே கொண்டு போங்க"ங்கறாரு. நான் படிக்கறேனா இல்லையான்னு சோதிக்கறாங்க. நானா மாட்டுவேன்? தொடவே இல்லை. அதுவுமில்லாம உள்ள இருக்கறது இங்கிலீசு. பேசறது நல்லா வருமுங்க, "ப்ளீஸ் ஹோல்ட் த லைன்" எல்லாம் தண்ணி பட்ட பாடு. படிக்கறதுதான் தகராறு.

சென்னியப்பன் ஆரும்னா, எங்க கம்பெனியில சர்வீஸ் பாத்துட்டு இருந்தவரு. அவரு மேசை போன் இருவத்திநாலாம் நம்பர். நம்ம பம்ப் வாங்கின விவசாயிக்கு மோட்டார் நின்னு போச்சுன்னா, பம்ப் மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதுல சர்வீஸ் நம்பர் இருக்கும். அந்த லைன் மட்டும் என் போர்டுக்கு வராதுங்க, நேரா இருவத்திநாலுல போய் அடிக்கும். பெரியவரு அப்படிப் போட்டு வெச்சுட்டாரு. எனக்கு அன்னைக்கே பிடிக்கலை. ஒரு ஊடுன்னா ஒரு வாசல்தான் இருக்கோணும். ரெண்டாவது வாசல் எதுக்கு?

அந்த மனுசன் போனை எடுத்தா ஒரு வணக்கமில்லை, ஒரு கம்பெனி பேரில்லை. எடுத்ததும் "தண்ணி எடுக்குதுங்களா?" அவ்வளவுதான். இதென்ன பழக்கம்னு நானே கேட்டிருக்கேன். "தண்ணி எடுக்காமத்தானுங்க கூப்பிடறாங்க, அவங்ககிட்ட குட்மார்னிங் சொல்லி என்ன பண்றது"ன்னாரு. சிரிச்சுட்டே சொன்னாரு. சிரிக்கறவங்களை நான் நம்பறதில்லைங்க.

ரெண்டரை வருசத்துக்கு முன்னால ஆரம்பிச்சுதுங்க புகாரு. மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல எனக்கு போன் வரும். "ஏம்மா, ஒரு மணியில இருந்து அடிக்கறேன், கம்பெனியில ஆருமே இல்லையா? செத்துப் போயிட்டீங்களா?" காங்கயத்துல இருந்து ஒருத்தரு, அவினாசியில இருந்து ஒருத்தரு, எல்லாரும் அதே ஒரு மணி. காட்டுக்குப் போனவங்க அப்பத்தானுங்களே ஊட்டுக்கு வருவாங்க? கையைக் காலைக் கழுவிட்டு, சோத்துக்கு உக்காரறதுக்கு முந்தி போனை எடுப்பாங்க. த்ரீ பேஸ் கரண்டு இருக்கறப்பவே மோட்டாரை ஓட வெக்கோணும்னு அவங்களுக்கு அவசரம். "எந்த நம்பருக்கு அடிச்சீங்க?"ன்னு கேப்பேன். ஸ்டிக்கர் நம்பருக்குன்னுவாங்க. ஆக, இருவத்திநாலு எடுக்கலை. இதுல என்னங்க குழப்பம்?

இன்னொண்ணும் சொல்லுவாங்க. "நீங்க எடுக்கலை, அதனால உள்ளூர்ல மோட்டாருக்குக் காயில் சுத்தற வைண்டிங் கடைக்காரனைக் கூப்பிட்டுப் பாத்துக்கிட்டோம்"னு. கேட்டுக்குங்க. நம்ம பம்ப்பு, நம்ம கேரண்டி, வேலை வெளியாளுக்குப் போகுது. எலி அம்மணமா ஓடுதுன்னா காரணமில்லாம இருக்குமா? சென்னியப்பன் வேணும்னே எடுக்காம, வெளி ஆளுங்களுக்கு வேலையைத் தள்ளி உட்டுட்டு இருக்காருன்னு எனக்குப் பட்டுச்சு.

அதுவும் அவரு மத்தியானம் சாப்பிடற அழகைப் பாருங்க. கம்பெனி பூராவும் சாப்பாட்டு ஷெட்டுக்கு வரும். இவரு மட்டும் வர மாட்டாரு. போன் பக்கத்துலயே டிபன் பாக்ஸைத் தொறந்து வெச்சுக்கிட்டு, தனியா உக்காந்து திம்பாரு. ஏன்னு கேட்டா, "போன் வந்தா எடுக்கோணுமில்லைங்க"ம்பாரு. போனை எடுக்கறதுக்குன்னே உக்காந்திருக்கறவரு ஏனுங்க எடுக்கலை? ஆளில்லாத நேரத்துல தனியா உக்காந்து என்ன பண்றாருன்னு ஆரு கண்டா?

நானெல்லாம் அப்படிக் கிடையாதுங்க. என் போர்டை ஒரு நிமிசம் தொறந்து போட்டுட்டுப் போக மாட்டேன். முன்னெல்லாம் நான் சாப்பிடப் போறப்ப அக்கவுண்ட்ஸ் பிரேமாவை உக்கார வெப்பாங்க. ஒரு நாள் வந்து பாக்கறேன், என் சேர் பாத்ரூம் பக்கமாத் திரும்பி இருக்குது, போன்ல பூ வாசம் அடிக்குது. அவ அக்கா பஹ்ரைன்ல இருக்கறா. எனக்குத் தெரியாதா ஆருக்கு போன் போட்டிருப்பான்னு? பில்லுல ஒண்ணும் வரலைதான். வரலைன்னா பேசலைன்னு ஆயிடுமா? அன்னையில இருந்து பிரேமா வேண்டாம், ஆருமே வேண்டாம்னுட்டேன். போர்டுல நைட் பட்டன்னு ஒண்ணு இருக்குதுங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு ஊட்டுக்குக் கிளம்பறப்ப அதை அமுத்திட்டுப் போகோணும். அமுத்தினா போர்டு தூங்கிரும், ராத்திரி வர்ற போனெல்லாம் பழைய கேட்டு வாட்ச்மேன் ரூம்ல அடிக்கும். அதையே மத்தியானம் சாப்பிடப் போறப்பவும் அமுத்திட்டுப் போயிருவேன். பூட்டுப் போட்டாப்ல. வந்து எடுத்து உட்டுருவேன். ஒரு மணி நேரந்தானே?

பிரேமா சமாசாரமா? அதுவும் ஒரு ரெண்டரை வருசம் இருக்குமுங்க. ஏன் கேக்கறீங்க? சரி உடுங்க.

கடைசியில சின்ன முதலாளிகிட்டச் சொல்லிட்டேன். சம்பளம் வாங்கறமில்லைங்க, சொல்லாம இருந்தா அது துரோகம். அவரு சென்னியப்பனைக் கூப்பிட்டாரு. என்னையும் நிக்க வெச்சாரு. சென்னியப்பன் சொன்னதைக் கேளுங்க: "ஒரு மணியில இருந்து ரெண்டு மணி வரைக்கும் எம்பட போன் அடிக்கறதே இல்லைங்க. எனக்கே ஆச்சரியமாத்தான் இருக்குது." எப்படி இருக்குது கதை? காலையில அடிக்குது, சாயங்காலம் அடிக்குது, சோத்து நேரத்துல மட்டும் போனுக்கு விரதமா? நான் சிரிச்சே போட்டேன். பூனை கண்ணை மூடிட்டா உலகமே இருண்டு போச்சுன்னு நெனைக்குமாம்.

சின்ன முதலாளி அவரைப் போகச் சொல்லலைங்க, அதையும் சொல்லிடறேன். "அண்ணா, கொஞ்ச நாள் ஸ்டோர்ஸ் பாருங்க"ன்னாரு. அவருக்கு ரோசம். டேபிள் சாவியை எடுத்து மேசை மேல வெச்சாரு. "பதினெட்டு வருசத்துக்கு அப்பறம் திருடன்னு பேரு வாங்கிட்டு ஸ்டோர்ஸ்ல உக்கார முடியாதுங்க"ன்னுட்டுப் போயிட்டாரு. என்னைத் திரும்பிப் பாப்பாருன்னு நெனைச்சேன். பாக்கலை. குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்குமில்லைங்க, எப்படிப் பாப்பாரு?

அப்பறம் ஒரு நாள் அவரு ஊட்டம்மா என்னைக் காந்திபுரத்துல பாத்துட்டாங்க. சண்டைக்கு வருவாங்கன்னு பையை இப்படி இறுக்கிப் பிடிச்சுட்டு நின்னேன். சண்டை போடலை. "சாந்தாமணி, புள்ளைக்கு நிச்சயம் பண்ணியிருந்தமில்ல, மாப்பிள்ளை ஊட்ல தள்ளிப் போட்டுட்டாங்க. கம்பெனியில என்னமோ ஆயிப்போச்சாமேன்னு கேக்கறாங்க. நீ ஒண்ணு மட்டும் சொல்லு. அவரு போன் எடுக்காம இருந்ததை நீ பாத்தியா?"ன்னாங்க. பாக்கோணுமா? நெருப்பில்லாம புகையுமா? அதைத்தான் சொன்னேன். அந்தம்மா பஸ் ஏறிப் போயிட்டாங்க. கேள்வியைப் பாருங்க, பாத்தியாவாம்.

எட்டு மாசமாச்சு அவரு போயி. தாராபுரத்துல சொந்தமா மோட்டார் வைண்டிங் கடை வெச்சுட்டாருன்னு கேள்வி. எப்படி நம்ம கணக்கு? அன்னைக்கே சொன்னேனில்லைங்க, வைண்டிங் கடைக்கு வேலை போகுதுன்னு. கடைசியில அவரே கடை வெச்சுட்டாரு!

புகாரு நின்னுதான்னு கேக்கறீங்க. அதுதானுங்க அதிசயம், நிக்கலை. இருவத்திநாலுல வேற ஆளைப் போட்டாங்க, சஞ்சீவின்னு. அவனும் ஒரு மணிக்கு போனே வர்றதில்லைங்கறான். சென்னியப்பன் போறப்ப சொல்லிக் குடுத்துட்டுப் போயிருக்காரு, வேற என்ன? நான் சின்ன முதலாளிகிட்ட அதையும் சொன்னேன். அவரு கம்பெனி லைனெல்லாம் சேர்ற டெலிபோன் பெட்டியைப் பாக்கறவங்களுக்கு போன் போடச் சொன்னாரு.

அவங்க வந்து, இந்தப் பெட்டிக்குப் பழைய சாஃப்ட்வேரு, இனிமே இதுக்குப் பாக்க மாட்டோம், புது ரிலீஸ் போட்டுத்தான் ஆகோணும்னுட்டாங்க. ரிலீஸாம். படமா ஓட்டப் போறாங்க? நல்லா ஓடிட்டு இருக்கற பெட்டியை எதுக்குங்க நோண்டறாங்க? எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு, இது என்னைக் கிளப்பறதுக்குத்தான்னு. புதுசுல ஒரு பொம்பளை குரல் வருமாம். "சர்வீஸுக்கு ரெண்டை அழுத்தவும்"னு அவளே சொல்லுவாளாம். அவளுக்குச் சம்பளம் வேண்டாம், சாப்பிடப் போக வேண்டாம். ஆனா விவசாயி மோட்டார் நின்னு போச்சேன்னு தவிச்சுட்டு வர்றப்ப, அழுத்தவும் அழுத்தவும்னா போதுமா? தண்ணி எடுக்குதான்னு ஒரு வார்த்தை கேப்பாளா அவ?

என்னங்க சிரிக்கறீங்க? நான் என்ன சொல்லிப்போட்டேன்?

போன ஞாயித்துக்கிழமை வந்தாங்க. நஸ்ரின்னு பொள்ளாச்சிப் புள்ளை, ஒரு லேப்டாப், ஒரு வயரு. ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. போகாம இருப்பேனா? அவ பக்கத்துலயே ஸ்டூலைப் போட்டு உக்காந்துட்டேன். ஒண்ணு ஒண்ணுக்கும் கேட்டேன், இது என்ன, அது எதுக்குன்னு. அந்தப் புள்ளை சலிச்சுக்காமத்தான் சொல்லுச்சு. பழசுல இருக்கறதையெல்லாம் மொதல்ல எடுத்து வெச்சுக்கோணுமாம், அப்பறம் புதுசை ஏத்தோணுமாம், பாதியில கரண்டு போனா பெட்டி செத்துருமாம். திரையில ஒரு கோடு பச்சையா ஊருது. எழுவத்திரெண்டு பர்சண்ட்ல போய் நின்னுருச்சு. இருவது நிமிசம். கவுத்துப் போட்டா பாருன்னு நெனைச்சேன். அப்பறம் தானா நகந்துச்சு.

எல்லாம் முடிஞ்சு பாத்தா, அந்தப் பெட்டி எந்த போன் எங்க போச்சு, எடுத்தாங்களா இல்லையான்னு அத்தனையும் வருசக் கணக்கா எழுதி வெச்சுட்டே வந்திருக்குது. பழைய சாஃப்ட்வேருக்கு அதைக் காட்டத் தெரியலையாம், புதுசுக்குத் தெரியுதாம். எனக்குப் பக்குனு ஆயிப்போச்சு. பக்கத்துலயே உக்காந்து வேவு பாத்திருக்குது பாருங்க, பாவி!

அந்தப் புள்ளை பாத்துட்டே வந்து, "மேடம், டெய்லி மத்தியானம் ஒரு மணிக்கு நைட் மோடு போடறது யாரு?"ன்னு கேட்டா. "நான்தான்"னேன். பெருமையாத்தான் சொன்னேன். அவ சின்ன முதலாளியைப் பாத்தா. அவரு அவளைப் பாத்தாரு. ஒரு மாதிரிப் பார்வைங்க. கண்ணாலயே பேசிக்கறாங்க. கல்யாணமான மனுசன். எனக்கு எதுக்கு வம்புன்னு எந்திரிச்சு டீ குடிக்கப் போயிட்டேன்.

மறுநாள் கூப்பிட்டு இந்தக் கவரைக் குடுத்தாரு. மேல சென்னியப்பன் நம்பரையும் எழுதியிருக்காரு. திட்டலை, கொள்ளலை. "நீங்களே போய்க் குடுத்தாத்தான்க்கா சரியா இருக்கும்"னாரு. குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. என்ன சரியா இருக்கும்? இதுக்குள்ள சென்னியப்பனை மறுபடி வரச் சொல்லியும் எழுதியிருக்கலாம், என்னை நிறுத்தறதாவும் எழுதியிருக்கலாம். என் சீட்டுக் கிழியற சேதியை நானே சுமந்துட்டுப் போறனோ என்னமோ.

நீங்க இங்கிலீசைப் படிச்சுத் தமிழ்ல சொல்லுவீங்களா அம்மிணி? நான் படிக்கச் சொன்னேன்னு ஆகக் கூடாது. உங்களுக்கே ஆசையா இருந்தாப் பாருங்க. இந்தாங்க. பத்திரம், கசங்கிரப் போகுது.

என்ன போட்டிருக்குது? மொதல் தாளு லெட்டருங்களா? ஆருக்கு, சென்னியப்பனுக்கா? "மன்னிச்சுக்குங்க அண்ணா." அட, முதலாளியா எழுதறது? சரி, மேல படிங்க. அடுத்த தாளு, அந்தப் பெட்டி எழுதி வெச்ச கணக்குங்களா? சத்தமாப் படிங்க, பஸ் இரைச்சல்ல கேக்கலை.

நைட் மோடு போட்டது, மத்தியானம் ஒரு மணி ரெண்டு நிமிசம். ஆமாங்க, சரியா அப்பத்தான் அமுத்துவேன். எடுத்தது ரெண்டு மணி அஞ்சு நிமிசம். ஆமா. அதுல என்ன? நான் நேரந்தவற மாட்டேன்னு தெரியுதில்ல? சரி. அப்பறம்?

சர்வீஸ் லைன். எங்க அடிச்சுதாம்? பழைய கேட்டு ரூம்லயா? இல்லைங்க, சர்வீஸ் லைன் தனி. அது இருவத்திநாலுக்குத்தான் போகும். என் போர்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. திருப்பிப் படிங்க. நீங்க தப்பாப் படிக்கறீங்க.

நைட் மோடு போட்டா எல்லா லைனும் அங்கதான் போகுமா? எல்லாமேவா? அந்தப் புள்ளை நஸ்ரின் எழுதினதா அது, கீழ கையால?

அங்க பகல்ல ஆரும் இல்லைங்களே. புதுக் கேட்டு வந்ததுல இருந்து பழைய ரூம் பகல்ல பூட்டித்தான் கிடக்குது. வாட்ச்மேன் ஆறு மணிக்குத்தான் வருவாரு. அந்தப் பக்கம் லேத்து ஓடற சத்தம், அடிச்சாலும் ஒருத்தருக்கும் கேக்காது.

எத்தனைங்க? சென்னியப்பன் இருந்த கடைசி ஒரு வருசத்துல ஆயிரத்து நூத்திச் சொச்சமா? ஒரு மணியில இருந்து ரெண்டு மணிக்குள்ள மட்டும்? எடுக்காதது அத்தனையுமா?

இருவத்திநாலு? இருவத்திநாலுக்கு என்ன போட்டிருக்குது? அதே வருசம் பூராவும், அடிச்சு எடுக்காதது மூணே மூணா?

இருங்க இருங்க. அதை மடிச்சு உள்ள வைங்க. இதெல்லாம் நம்பறதுக்கில்லைங்க. புது சாஃப்ட்வேரு, அது என்ன வேணும்னாலும் எழுதும். மிசினுக்கு என்ன, வாய் இருக்குதா, மனசாட்சி இருக்குதா? அந்த மனுசன் ஒரு மணிக்கு போன் எடுக்க மாட்டாரு, எனக்குத் தெரியும். இப்ப மணி என்ன? ஒண்ணு இருவதா? நல்லதாப் போச்சு. தாராபுரத்துக்கு முந்தின குண்டடமே தாண்டலை இன்னும். கவர் மேல நம்பர் இருக்குதில்ல, சொல்லுங்க, என் செல்லுல போடறேன். நீங்க சாட்சி. ஸ்பீக்கர்லயே போடறேன், கேட்டுக்குங்க. எடுக்க மாட்டாரு, பாருங்க. அடிக்குது. ஒண்ணு...

கேட்டீங்களா?

கேட்டீங்களா அம்மிணி? மொத மணியே முழுசா அடிக்கலை. வாயில சோத்தோட... "தண்ணி எடுக்குதுங்களா?"ன்னாரு.

கட் பண்ணலைங்க, டவர் போயிருச்சு. இல்லை, கட்தான் பண்ணினேன். பின்ன நான் என்னன்னு பேசறது?

அவரே திரும்பக் கூப்பிடறாரு. மொத மணி. சோத்துல கையை வெச்சுட்டே கூப்பிடறாரு. எவனோ ஒரு விவசாயி, லைன் கட்டாயிருச்சுன்னு நெனைச்சிருப்பாரு. அப்படித்தானுங்க அவரு. அங்க இருந்தப்பவும் அப்படித்தான். ரெண்டு.

அவரு ஊட்டம்மா கேட்டாங்களே, நீ பாத்தியான்னு. பாக்கலைங்க. நான் ஒண்ணையுமே பாக்கலை. ஷெட்டுல உக்காந்து தயிர்சோறு தின்னுட்டு இருந்தேன். அவரு புள்ளை கல்யாணம்... அய்யோ, முருகா. மூணு.

மூணாவது மணி தாண்டிருச்சு, பாருங்க, தாண்டிருச்சு. நாலு.

ஒரு கையில பை, ஒரு கையில செல்லு, பட்டனை அமுத்த முடியலை. இந்தப் பையைச் சித்தெ நீங்க வெச்சுக்குங்க அம்மிணி. போனை எடுத்துடறேன்.